கேரட் யார் இடத்தைப் பிடிக்கிறது? நீலகிரியின் நாயும் பூனையும் காய்கறியும்

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் ஓடும் இடத்தில் காலையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். விடியுமுன்பே டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கிய கேரட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உருளை சுழலச் சுழல மண் கரைந்து ஓடி, ஆரஞ்சு நிறம் வெளியே வரும். ஒடிந்தது, பிளந்தது, இரட்டைக் கால் விட்டது எல்லாம் ஓரமாக ஒதுக்கப்படும். அந்தக் குவியலைச் சுற்றி நாலைந்து நாய்கள் எப்போதும் இருக்கும். அதில் ஒன்று ஒடிந்த கேரட்டை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, தலையைச் சாய்த்து, எலும்பைக் கடிப்பதுபோலவே கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அதே கொட்டகையில், சாக்கு அடுக்கின் உச்சியில், ஒரு பூனை படுத்திருந்தது. ஒரு துண்டை அதன் முன்னால் வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

"நாய் கேரட்டுன்னா உசுர விட்டுரும் சார். பூனைக்கு அது கல்லு மாதிரிதான்" என்றார் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் காய்கறி கொடுத்தால் உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு இந்த மலையில் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. கேரட் கண்ணுக்கு நல்லது, பூண்டு பூச்சியைக் கொல்லும், பீட்ரூட் ரத்தம் ஊறவைக்கும் என்று மனிதருக்குச் சொல்வதையே பிராணிக்கும் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகளையும் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கத் தோன்றுகிறது: தட்டில் விழும் கேரட், எதை விலக்கிவிட்டு அங்கே வருகிறது? பொறையையும் வர்க்கியையும் விலக்கிவிட்டு வந்தால் லாபம். முட்டையையும் கறியையும் விலக்கிவிட்டு வந்தால் நஷ்டம். அந்த நஷ்டத்தை நாய் ஓரளவு தாங்கும், பூனை தாங்காது.

குன்னூர் எலிகள் சொன்னது

இந்தக் கேள்விக்கு நீலகிரியில் ஒரு பழைய வேர் உண்டு. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து செய்ய 1907இல் குன்னூரில் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், 1918இல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. இந்தியர் எதைச் சாப்பிட வேண்டும் என்று நாட்டுக்கே சொல்லும் நிறுவனம் குன்னூர்க் குளிரில், பிராணிகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்துத்தான் பிறந்தது.

மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய பயறு, பால், பச்சையாகக் கேரட்டும் முட்டைக்கோஸும், வாரத்தில் ஒரு நாள் எலும்போடு கொஞ்சம் இறைச்சி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள்தாம் நோயின்றி வளர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படி வைத்திருந்தார். இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைகளின் உணவு: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, ஜாம், வேகவைத்த காய்கறி. அவை வளர்ச்சி குன்றின, பராமரிப்பவரைக் கடித்தன, கடைசியில் ஒன்றையொன்று கொன்று தின்னத் தொடங்கின.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. சீக்கிய எலிகள் தின்றதும் காய்கறிதான், இங்கிலாந்து எலிகள் தின்றதும் காய்கறிதான். முதல் தட்டில் பாலும் முழுத்தானியமும் முளைகட்டிய பயறும் துணைக்கு இருந்தன. இரண்டாவது தட்டில் மைதாவும் சர்க்கரையுமே இடத்தை அடைத்துக்கொண்டன. காய்கறி இருந்தும் அந்தத் தட்டை அது காப்பாற்றவில்லை. குன்னூரிலிருந்து கிடைத்த பாடம் முழுத் தட்டைப் பற்றியது.

வெள்ளை ரொட்டியும் சர்க்கரை டீயும் என்று படிக்கும்போது இந்த மலையின் டீக்கடை நினைவுக்கு வராமல் இருக்காது. எஸ்டேட் லைன் வீடுகளிலும் கடைவீதியிலும் நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் பொறை, பன், வர்க்கித் தூள், டம்ளரின் அடியில் மிஞ்சிய டீ. மெக்கரிசனின் தோற்றுப்போன எலிகளின் தட்டு நாயின் முன்னால் அப்படியே இருக்கிறது.

நாய்: நம் சோற்றுக்குப் பழகியது

நாய் ஓநாயின் வழித்தோன்றல், அதனால் அதற்கு இறைச்சி மட்டுமே உணவு என்று ஒரு கட்சி உண்டு. 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு அந்தக் கட்சியைத் தளர்த்தியது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களிடம் நாலு முதல் முப்பது வரை இருப்பதாக ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்சல்சன் குழு காட்டியது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் மீதியைத் தின்று பிழைத்த வழியில் வந்த மாற்றம் இது என்பது அவர்கள் கருத்து. நம் கிராமங்களில் வேட்டை நாய்களையும் காவல் நாய்களையும் கம்பங்கூழிலும் பழைய சோற்றிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி ஆகாது.

கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள நாயின் உடலால் முடியும். டாரின் என்ற அமினோ அமிலத்தையும் பெரும்பாலான நாய்கள் மற்றப் புரதங்களிலிருந்து தாமே செய்துகொள்ளும். ஆனால் பி12 காய்கறியில் கிடையாது. வைட்டமின் டி-யை வெயிலில் நின்று போதுமான அளவு செய்துகொள்ள நாய்க்கும் முடியாது, பூனைக்கும் முடியாது. ஜூன், ஜூலையில் வெயிலே எட்டிப்பார்க்காத இந்த ஊரில் மட்டும் அப்படி இல்லை, எந்த ஊரிலும் அப்படித்தான். இந்த இரண்டு வைட்டமின்களும் உணவிலிருந்துதான் வரவேண்டும்.

இன்னொரு தடை பல்லிலும் குடலிலும் இருக்கிறது. மாடு போல அரைத்து மெல்ல நாய்க்குப் பல் அமைப்பு இல்லை, செல்லுலோஸை உடைக்கும் நொதியும் இல்லை. பாலாடா நாய் ஆசையாகக் கடித்த கேரட்டில் பெரும்பகுதி மறுநாள் புல்வெளியில் ஆரஞ்சுத் துண்டுகளாகவே கிடக்கும். பச்சைத் துண்டு அதற்கு விளையாட்டுப் பண்டம். துருவியோ வேகவைத்து மசித்தோ கொடுத்தால்தான் சத்து உள்ளே சேரும்.

பூனை: இறைச்சியை விட்டால் வழியில்லை

பூனையின் கதை வேறு. கேரட்டை அது கண்டுகொள்ளாததற்கு ஒரு காரணம் நாக்கிலேயே இருக்கிறது. இனிப்பை உணரும் ஏற்பி உருவாகத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனையினத்தில் செயலிழந்து கிடப்பதை 2005இல் அமெரிக்காவின் மொனெல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தார்கள். கேரட்டின் இனிப்பு நாய்க்குத் தெரியும், பூனைக்குத் தெரியாது.

உள்ளே போனாலும் பயன் குறைவு. பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றும் வேலை பூனையின் உடலில் நடப்பதே இல்லை எனலாம். கண்ணுக்கு நல்லது என்று பூனைக்குக் கேரட் ஊட்டுவது, பூட்டிய வீட்டு வாசலில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருவதுபோல. அதற்கு ஈரல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஆயத்தமாக இருக்கும் வைட்டமின் ஏ-தான் வேண்டும்.

டாரின் விஷயம் இன்னும் கடுமையானது. பூனையால் அதைப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது, காய்கறியிலும் அது அநேகமாக இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975இல் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் அதே குறைதான் காரணம் என்றும், டாரின் கொடுத்தால் அந்த இதயம் தேறுகிறது என்றும் 1987இல் கலிஃபோர்னியாவின் பால் பியான் குழு 'சயின்ஸ்' இதழில் எழுதியது. அந்தப் பூனைகளில் பல கடையில் வாங்கிய தீவனம் தின்றவை. அதன் பிறகுதான் தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் ஒரே ஒரு வேளை உணவில் இல்லாமல் போனாலும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டுவிடும்.

"எங்க வீட்டுப் பூனை பத்து வருஷமா தயிர்சாதம்தான், நல்லாத்தானே இருக்கு" என்று சைவ வீடுகளில் சொல்வார்கள். பொய்யில்லை. அந்தப் பூனை பகலில் தயிர்சாதமும் இரவில் எலியும் பல்லியும் தின்கிறது. வீட்டுக்குள் சைவம், வேலிக்கு வெளியே அசைவம். குன்னூரில் சன்னலைச் சாத்திய அடுக்குமாடி வீட்டில் வளரும் பாரசீகப் பூனைக்கு அந்த வேலியே கிடையாது. அதே தயிர்சாதம் அதைக் குருடாக்கிவிடலாம்.

ஆய்வுகள் எதுவரை போகின்றன

காய்கறிக்கு ஆதரவாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 2005இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. ஸ்காட்டிஷ் டெரியர் இன நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மற்ற இனங்களைவிட அதிகம் வருகிறது. நோய் வந்த நாய்களையும் வராத நாய்களையும் ஒப்பிட்டு, வளர்ப்பவர்களிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டார்கள். வாரத்தில் மூன்று முறையாவது காய்கறி, குறிப்பாகக் கீரையும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காயும் தின்ற நாய்களில் நோய் குறைவாக இருந்தது. மலைக்காரர்கள் மகிழலாம். ஆனால் இது ஓர் இனம், ஒரு நோய், வளர்ப்பவரின் ஞாபகம். காய்கறி கொடுக்கும் வீடு மற்ற விஷயங்களிலும் நாயைக் கவனிக்கும் வீடாக இருக்கலாம். நல்ல துப்பு, தீர்ப்பு ஆகாது.

என் கணக்கில் இதைவிட வலுவானது காய்கறியைப் பற்றியே பேசாத ஓர் ஆய்வு. 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 13 வயது வரையும், மற்றவை 11 வயதைச் சற்றுத் தாண்டியும் வாழ்ந்தன. குறைவாகத் தின்றவற்றுக்கு மூட்டுநோயும் தாமதமாகவே வந்தது. காய்கறியின் மெய்யான பயன் இங்கேதான் புலப்படுகிறது. நூறு கிராம் கேரட்டில் 40 கலோரிதான். வால் ஆட்டும்போதெல்லாம் விழும் வர்க்கியின் இடத்தில் ஒரு பீன்ஸ் விழுந்தால், நாயின் இடுப்பு மெலியும், மூட்டு பிழைக்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், தானியம் சேர்க்காமல் பட்டாணி, பருப்பு வகை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை முதன்மையாக வைத்துச் செய்த தீவனம் தின்ற நாய்களில் இதயத் தசை நோய் தென்படுவதாக அறிவித்தது. காரணம் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. என்றாலும், 'செடியிலிருந்து வந்தது, கெடுதல் செய்யாது' என்ற நம்பிக்கைக்கு அது ஒரு கடிவாளம்.

முழுச் சைவத் தீவனம் பற்றி 2022இல் நாய்களையும் 2023இல் பூனைகளையும் வைத்து 'பிளாஸ் ஒன்' இதழில் பெரிய கணக்கெடுப்புகள் வந்தன. சைவத் தீவனம் தின்றவை மோசமாக இல்லை என்று வளர்ப்பவர்கள் சொன்னார்கள். அந்தப் பதிலைச் சொன்னது வளர்ப்பவரே, ரத்தப் பரிசோதனை இல்லை. அவர்கள் கொடுத்ததும் பெரும்பாலும் ஆலையில் டாரினும் வைட்டமினும் சேர்த்துச் செய்த தீவனம், நம் வீட்டு ரசம்சாதம் இல்லை. பிரிட்டன் கால்நடை மருத்துவர் சங்கம் 2024இல், நாய்க்கு முழுத் தாவர உணவு கூடாது என்ற பழைய நிலையைத் தளர்த்தியது. பூனைக்குத் தளர்த்தவில்லை.

மலைச் சந்தையில் ஒவ்வொன்றாக

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் இங்கே வீடு கட்டிக் குடியேறியபோது கொண்டுவந்த இங்கிலீஷ் காய்கள்தாம் இன்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி லாரியாக இறங்குகின்றன. நாய்க்கு எது ஆகும், எது ஆகாது?

கேரட், பீன்ஸ், மேரக்காய், பூசணி: நால்வரும் நல்லவர்கள். உப்பு, காரம், தாளிப்பு இல்லாமல் வேகவைத்தால் போதும். மலச்சிக்கலுக்கும் லேசான கழிச்சலுக்கும் மசித்த பூசணி உதவும். பூனைக்கும் கறியோடு ஒரு டீஸ்பூன் கலந்து தரலாம், நார்ச்சத்துக்காக மட்டும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், டர்னிப்: கொஞ்சம் போனால் காற்று, அதிகம் போனால் வீட்டில் யாரும் இருக்க முடியாது. 1928இல் அமெரிக்காவில், முட்டைக்கோஸை முதன்மை உணவாகத் தின்ற முயல்களுக்குத் தைராய்டு வீங்கியதைக் கண்டார்கள். நாய்க்கு எப்போதாவது ஒரு கைப்பிடி கெடுதல் செய்யாது. தினமும் வேண்டாம்.

பீட்ரூட், பாலக்கீரை: இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீர்க்கல் வந்த பிராணிக்கு ஆகாது. பீட்ரூட் தின்ற நாயின் சிறுநீர் சிவந்து வீட்டாரைப் பதறவைப்பதும் உண்டு.

உருளைக்கிழங்கு: வேகவைத்தது செரிக்கும். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு, முளை, செடியின் தழை மூன்றிலும் சோலனின் நஞ்சு உண்டு. வீட்டுக்குப் பின்னால் குவித்த கழிவுக் கிழங்கில் நாய் வாய்வைக்காமல் பார்க்க வேண்டும்.

பூண்டு, வெங்காயம்: இங்கேதான் நிற்க வேண்டும். மலைப்பூண்டு நம் பெருமை. நாய்க்கு வயிற்றுப்பூச்சி போக, உண்ணி விழ, இரண்டு பல் நசுக்கிச் சோற்றில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும் என்கிறது நச்சியல். நாலு கிலோ பூனைக்கு அது 20 கிராம், ஒரு சிறிய வெங்காயம். நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம். பூண்டு அதைவிடக் கடுமை. உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. சில நாள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, பழுப்புநிறச் சிறுநீர். அதற்குள் பூண்டை எல்லோரும் மறந்திருப்பார்கள். குழம்பும் சாம்பாரும் ஊற்றிய சோறு ஏன் கூடாது என்பதற்கும் இதுவே பதில். பூச்சிக்கு மாட்டாஸ்பத்திரியில் மாத்திரை இருக்கிறது.

காய் பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்த ஊரில் சொல்லாமல் விடமுடியாத சில உண்டு. ஊட்டி சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைப் பந்தயக் குதிரையாக்கும். டீத்தூளிலும் டீயிலும் காஃபீன். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெண்ணெய்ப்பழத்தில் கொழுப்பு அதிகம், அதன் கொட்டை குடலை அடைக்கும். புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கியிலும் மைதாவும் கொழுப்பும்தான். கொழுப்பு தொடர்ந்து ஏறினால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கும்.

எவ்வளவு, எப்படி

முதன்மை உணவுக்கு மேல் கொடுக்கும் எல்லாமும் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை ஊட்டச்சத்துக்காரர்கள் பொதுவாக ஒத்துக்கொள்ளும் கணக்கு. பத்துக் கிலோ நாட்டு நாய்க்கு நாளைக்குச் சுமார் 600 கலோரி. பத்தில் ஒன்று 60. கேரட் என்றால் 150 கிராம், நடுத்தரமாக இரண்டு. நாலு கிலோ பூனைக்கு மொத்தமே 240 கலோரிக்குள். அதில் காய்க்கு ஒரு டீஸ்பூன் ஒதுக்கினாலே தாராளம்.

பாலாடாவில் கழுவி வந்த கேரட் பளபளப்பாக இருந்தாலும் வீட்டில் இன்னொருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் தோலைச் சீவுவது நல்லது. மருந்தடித்த தோட்டம், ஓடைத் தண்ணீர் இரண்டும் அதைத் தொட்டிருக்கும். சிறுநீரக நோய், சர்க்கரை நோய், கல் உள்ள பிராணி என்றால் எந்தக் காயும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

தட்டை எங்கே வைக்கிறோம் என்பதும் இந்த மலையில் சுகாதாரத்தில் சேரும். இருட்டிய பின் வாசலில் சோறும் காய்த்தோலும் கிடந்தால் காட்டுப்பன்றியும் கரடியும் வரும். வாசலில் கட்டிய நாயைத் தேடிச் சிறுத்தை வரும். எத்தனை கேரட் தின்று வளர்ந்த நாயாக இருந்தாலும் அந்த இரவைத் தாண்ட வேண்டுமே.

லைன் வீட்டுக்காரருக்கு விலை உயர்ந்த தீவனம் கட்டுபடியாகாது. அவர்கள் கையில் இருப்பதை வைத்தே தட்டைத் திருத்தலாம். சோறு அல்லது ராகிக் களி பாதி, மறு பாதியில் முட்டை, கோழிக்கழிவு, கருவாட்டுத் தலையை உப்புப் போகக் கழுவி வேகவைத்தது என்று கிடைப்பதில் ஒன்று, மேலே ஒரு கைப்பிடி மசித்த காய். பொறையையும் டீயையும் நிறுத்தினால் அதுவே பாதி வைத்தியம். இது முழுமையான சமச்சீர் உணவு ஆகிவிடாது. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் சுண்ணாம்புச் சத்து தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் நேற்றைய தட்டைவிட மேல்.

கொட்டகையை விட்டுக் கிளம்பும்போது ஒதுக்கிய கேரட் குவியலின் அடியில் சலசலப்பு. எலி ஒன்று ஒடிந்த துண்டைக் கொறித்துக்கொண்டிருந்தது. சாக்கு உச்சியில் தூங்கியதாக நான் நினைத்த பூனையின் காது மட்டும் திரும்பியது, பிறகு உடம்பு. கேரட்டின் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக் கல்லீரலில் சேர்த்து வைக்க எலிக்குத் தெரியும், குன்னூர்க் கூண்டுகளில் அதன் முன்னோர் செய்ததும் அதுதான். நான் வைத்த துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத பூனை, தன் பங்குக் கேரட்டைக் கவ்விக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போனது.